ஓரியின் அம்பும் கியர் எண்ணெயும்

கொல்லிமலைக்குப் பிரயாணம் போகிறவர்கள் காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்குவார்கள். பின் ஸீட்டிலுள்ள குழந்தைகள் ஒவ்வோர் எண்ணையும் உரக்கக் கூவுவார்கள். நாற்பதாவது வளைவு வருவதற்குள் ஒருவருக்காவது தலை சுற்றி, எண்ணிக்கை நின்று போகும். மொத்தம் 70 வளைவுகள். ஏறி முடித்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், குளிர்ந்த காற்று, மிளகுக் கொடி, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி என்று ஆனந்தப்பட எவ்வளவோ உண்டு. அத்தனை வளைவிலும் வாய் திறவாமல் உழைத்த கியர்ப் பெட்டியைப் பற்றி மாத்திரம் யாரும் நினைப்பதில்லை. இவ்வாரம் அதற்குள் ஊற்ற வேண்டிய எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று உத்தேசித்திருக்கிறோம்.

எஞ்சின் எண்ணெயை மாற்ற மறப்பவர்கள் சிலரே. கியர் எண்ணெய் விஷயத்திலோ, "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக் கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். அவரும் "எல்லாம் ஒரே எண்ணெய்தான், ஸார்!" என்று கையில் அகப்பட்டதை ஊற்றினாரானால், ஒரு குடும்பம் பல மாதம் மிச்சம் பிடித்த பணம் ஒரு கியர்ப் பெட்டிக்குள் போய்விடும்.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு, யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூறு பாடுகிறது. நம் சாலைகளில் ஓடும் கார்களின் கியர்ப் பெட்டிகளும் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கும். ஆனால் ஐந்தையும் ஒரே எண்ணெயால் வெல்லும் வித்தை ஓரிக்கே கைவந்திராது!

கையால் மாற்றும் கியரை எடுத்துக் கொள்வோம். இதற்குரிய எண்ணெய் டப்பாக்களில் ஜி.எல்.4 என்றும் ஜி.எல்.5 என்றும் எழுதியிருக்கும். நாலைவிட ஐந்து உயர்ந்ததுதானே என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் மோசம்! ஐந்து என்பது, முக்கியமாகப் பின் அச்சிலுள்ள பல்சக்கரங்கள் தாங்கும் கடும் அழுத்தத்துக்காக ஏற்பட்டது. அதில் அதிகமாகச் சேரும் கந்தக மருந்து, கியர்ப் பெட்டியிலுள்ள பித்தளை வளையங்களை நாளடைவில் அரிக்கக்கூடும். லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல்லுக்கு நிகர் கிடையாது. ஆனால் லாரி அச்சுக்கு வாங்கிய பீப்பாயிலிருந்து காருக்கும் ஒரு லிட்டர் ஊற்றுவது வேறு விஷயம்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதற்கு ஏ.எம்.டி. வண்டிகள் நல்ல உதாரணம். 2014-இல் மாருதி செலேரியோவுடன் நம் நாட்டில் பிரபலமான இந்த வகையை எல்லோரும் 'ஆட்டோமாட்டிக்' என்கிறார்கள். உள்ளே இருப்பதோ சாட்சாத் பழைய கியர்ப் பெட்டியேதான். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு யந்திரக் கையை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அதற்கு வேண்டியது கியர் எண்ணெய். சில வண்டிகளில் அந்த யந்திரக் கைக்கென்று தனியாகக் கொஞ்சம் திரவமும் உண்டு.

'டார்க் கன்வர்ட்டர்' உள்ள உண்மையான ஆட்டோமாட்டிக்கின் கதையே வேறு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் 'ஹைட்ரா-மாட்டிக்' பெட்டியை வெளியிட்டது. அதற்கேற்ற எண்ணெய்க்கு 1949-இல் 'டைப் ஏ' என்று இலக்கணம் வகுத்தது. அந்நாளைய எண்ணெய்களில் திமிங்கிலத்தின் கொழுப்பும் சேர்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா? 1970-களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்த பிறகுதான் ரசாயன சாஸ்திரிகள் மாற்று மருந்து தேடினார்கள். இந்த எண்ணெய் வெறும் மசகு அன்று; சக்தியைக் கடத்துகிறது, கிளட்சுகளைப் பிடிக்க வைக்கிறது, சூட்டையும் சுமந்து போகிறது. இதற்குச் சிவப்புச் சாயம் போடுவது, கசிந்தால் எஞ்சின் எண்ணெயிலிருந்து வேறுபடுத்தி அறிவதற்காகவே. சிவப்பெல்லாம் ஒன்று என்று வாங்கினால் ஏமாற வேண்டியதுதான்.

சி.வி.டி. பெட்டிதான் எல்லாவற்றிலும் அதிக பிடிவாதக்காரி. அதில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் அவற்றினிடையே ஓர் எஃகுப் பட்டையும் வேலை செய்கின்றன. அதன் எண்ணெய் தாங்கிகளில் வழுக்க வேண்டும். பட்டையும் கப்பியும் சேருமிடத்தில் வழுக்கக் கூடாது! இந்த இரட்டைக் குணம் அதற்கென்றே செய்த எண்ணெயில்தான் உண்டு. வேறெதையாவது ஊற்றினால், ஏற்றத்தில் பட்டை சறுக்கிக் கப்பியைக் கீறிவிடும். பிறகு பெட்டியையே மாற்றும்படி நேரலாம். இரட்டைக் கிளட்ச் பெட்டியிலும், கிளட்ச் எண்ணெயில் நனைகிற வகைக்கு ஒன்று, உலர்ந்த வகைக்கு வேறொன்று.

பின் எதை நம்பி வாங்குவது? வண்டியோடு கொடுத்த புஸ்தகத்தைத்தான். அதிலுள்ள குறியீடு டப்பாவின் மேல் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். "ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று சில கம்பெனிகள் சொல்வதில் நமக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கியர்ப் பெட்டிகளையே செய்யும் ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனி, தன் ஆட்டோமாட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. பல புஸ்தகங்களில் 'கடும் உபயோகம்' என்ற தலைப்பின் கீழ் மலைப்பாதையும் இருப்பதைக் காணலாம். எண்ணெயின் சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழில் தெரிந்தவர்களின் உத்தேசக் கணக்கு. மெதுவாக ஊர்ந்து ஏறும்போது கன்வர்ட்டருக்குள் உண்டாகும் சூடு கொஞ்சநஞ்சமல்ல.

மாற்றும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். அடியிலுள்ள திருகைக் கழற்றினால் ஆட்டோமாட்டிக்கில் எண்ணெய் முழுவதும் வடியாது. கன்வர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். வடிந்தது எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் மட்டத்தையும் புஸ்தகம் கூறும் சூட்டில்தான் பார்க்க வேண்டும். மிஞ்சி ஊற்றினாலும் நுரைத்துப் போகும்.

ஏற்றத்தின் நடுவே சூட்டு விளக்கு எரிந்தால், அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, கைப்பிரேக்கைப் போட்டு, கியரை 'பி'யில் வைத்து, எஞ்சினை அணைக்காமல் சும்மா ஓடவிடுங்கள். எண்ணெய் சுற்றிக்கொண்டிருந்தால் சீக்கிரம் ஆறும். அதற்குள் குழந்தைகள் விட்ட எண்ணிக்கையை மறுபடியும் பிடித்துக் கொள்ளலாம்.