கேட்டு முடித்த பிறகு எழுதும் நாலு வரி

என் பேத்தி அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். படிப்பு போக, வாரத்தில் இரண்டு மணி நேரம் கல்லூரியின் ரேடியோ ஸ்டேஷனில் நிகழ்ச்சி நடத்துகிறாள். சம்பளம் கிடையாது. நேரம் நள்ளிரவு தாண்டி இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த நேரம்தான் கிடைக்குமாம். அங்கே ஊர் உறங்கும் நேரம் நமக்கு மத்தியானம். அதனால் சாப்பாட்டுக்கு முன் இணையத்தில் போட்டுக் கேட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் அவளுக்கு நான் ஒருவன்தான் நேயரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அவள் போடுகிற பாட்டு பிடிக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். மதுரை மணியையும் செம்மங்குடியையும் கேட்டுப் பழகிய காது இது. பத்தில் ஒன்று தேறும். ஆனால் ஒரு பாட்டு அந்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்து, ஒருவர் உட்கார்ந்து கேட்டு, நாலு வரி எழுதி, பிறகு ஒலிபரப்பாகிறதே, அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாற்பது ஐம்பது வருஷமாக அங்கே நடந்து வரும் இந்தச் சின்னக் காரியத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது குறைந்து வருவது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் 'இண்டி' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய ரெக்கார்டு கம்பெனிகளின் தயவில்லாமல், சிறு கம்பெனி மூலமாகவோ கைக்காசு போட்டோ வெளியிடும் இசைக்கு அந்தப் பெயர். சொந்தச் செலவில் கவிதைப் புத்தகம் அச்சடித்து, தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் தபாலில் அனுப்புகிறவர்களை நமக்குத் தெரியும் அல்லவா? அதுபோலத்தான். புத்தகம் வந்து சேரும். பிரித்துப் படிக்கிறவர் யார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தவை கல்லூரி ரேடியோக்கள். 1945ல் அந்த நாட்டு அரசு எஃப்.எம். அலைவரிசையில் 88லிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை வியாபாரம் அல்லாத கல்வி ஒலிபரப்புக்கென்று ஒதுக்கி வைத்தது. 1948ல் வெறும் 10 வாட் சக்தியில் ஸ்டேஷன் நடத்தவும் அனுமதி கொடுத்தது. 10 வாட் என்பது நம் வீட்டு எல்.இ.டி. பல்பு. அதை வைத்துக்கொண்டு கல்லூரியைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குப் பேசலாம், பாடலாம். விளம்பரம் கிடையாது, ஆகவே விளம்பரதாரரின் முகம் கோணுமே என்ற கவலையும் கிடையாது. பிள்ளைகள் இஷ்டப்பட்டதைப் போட்டார்கள்.

இஷ்டப்பட்டது என்றதும் ஒழுங்கில்லாமல் என்று நினைக்க வேண்டாம். வேலை நடக்கிற விதத்தைப் பேத்தி சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கெங்கிருந்தோ ஆல்பங்கள் வந்து குவியும். அவற்றுக்குப் பொறுப்பான மாணவருக்கு மியூசிக் டைரக்டர் என்று பெயர். நம் ஊர் அர்த்தத்தில் இசையமைப்பாளர் இல்லை. எது உள்ளே வரலாம், எது வேண்டாம் என்று பார்க்கிறவர். அவர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பார். வாங்கிப் போனவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒரு சின்னத் தாளில் எழுதி உறையின் மேல் ஒட்ட வேண்டும். என்ன மாதிரி இசை, எதை முதலில் போடலாம், இதற்கு முன்னும் பின்னும் எந்தப் பாட்டு பொருந்தும், எந்தப் பாட்டில் கெட்ட வார்த்தை இருக்கிறது என்பது வரை. இந்தக் கடைசி விஷயத்தில் விளையாட முடியாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கொஞ்சம் நெகிழ்வு உண்டு. மற்ற நேரத்தில் ஆபாசமான வார்த்தை காற்றில் போனால் ஸ்டேஷனுக்கு அபராதம் வரலாம். கடைசியில் எழுதியவர் பெயர் போட வேண்டும்.

"பிடிக்கலேன்னா பாதியில நிறுத்திடலாமே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் முடியாது தாத்தா. கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டாகணும். ரெண்டு பாட்டு கேட்டுட்டு எழுதினா படிக்கறவங்களுக்கே தெரிஞ்சுடும்" என்றாள்.

இப்படி எழுதி ஒட்டியது சில வாரங்கள் புது வரவு அலமாரியில் இருக்கும். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மணிக்கு இத்தனை பாட்டு அந்த அலமாரியிலிருந்து போட்டாக வேண்டும் என்று கணக்கு. தனக்குப் பிடித்ததை மட்டும் போட்டுக்கொண்டே காலம் தள்ள முடியாது. முன்பின் தெரியாத ஒரு கோஷ்டிக்கும் அதனால் மூன்று நிமிஷம் கிடைக்கிறது.

நான் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் ஃபைல் பார்த்தவன். எனக்கு இதைக் கேட்டதும் ஃபைலில் குறிப்பு எழுதுவதுதான் ஞாபகம் வந்தது. கிளார்க் முதலில் ஒரு குறிப்பு எழுதுவார். கண்காணிப்பாளர் அதன் கீழே 'மேலே சொன்னது சரியல்ல' என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவார். அதற்கும் மேலே உள்ளவர் இன்னொன்று எழுதுவார். அந்தக் கல்லூரி ரெக்கார்டு உறைகளும் அப்படித்தான். ஒருவர் 'அருமை' என்று எழுதியதற்குக் கீழே இன்னொருவர் 'காது இருக்கிறதா உனக்கு' என்று எழுதுவார். மூன்றாமவர் வந்து 'ஐந்தாவது பாட்டை மறுபடி கேள்' என்பார்.

இதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1972ல் கே.சி.எம்.யு. என்ற ஸ்டேஷனை 10 வாட்டில் ஆரம்பித்தார்கள். 80களில் அங்கே நிகழ்ச்சி நடத்திய இரண்டு பேர், புரூஸ் பாவிட்டும் ஜோனதன் போன்மனும், சேர்ந்து நடத்திய சின்ன ரெக்கார்டு கம்பெனிதான் சப் பாப். சவுண்ட்கார்டன் கோஷ்டியின் கிதார்க்காரர் கிம் தயில், மட்ஹனி கோஷ்டியின் பாடகர் மார்க் ஆர்ம் ஆகியோரும் அந்த ஸ்டேஷனில் ரெக்கார்டு போட்டவர்களே. கிம் தயிலின் பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை நம் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

1988ல் நிர்வாணா என்ற கோஷ்டியின் முதல் சிங்கிள் ரெக்கார்டை சப் பாப் வெளியிட்டது. அதன் பாடகர் கர்ட் கோபேன் தானே அதை அந்த ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, போனில் கூப்பிட்டு அந்தப் பாட்டைப் போடச் சொன்னார் என்று சொல்வார்கள். இலங்கை வானொலிக்கு நேயர் விருப்பம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நமக்கு அந்தத் தவிப்பு புரியும். 1992 ஜனவரியில் அதே கோஷ்டியின் ஆல்பம் மைக்கேல் ஜாக்சனைக் கீழே தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரிலிருந்து 1981ல் ஒரு சிறு கம்பெனி மூலம் முதல் ரெக்கார்டைப் போட்ட ஆர்.ஈ.எம். கோஷ்டியையும் ஊர் ஊராகப் பரப்பியவை கல்லூரி ரேடியோக்கள்தான்.

கே.சி.எம்.யு. 2001ல் கே.இ.எக்ஸ்.பி. என்று பெயர் மாறி இன்று உலகம் முழுவதும் கேட்கப்படுகிறது. பழைய ரெக்கார்டு உறைகளில் அந்தக் காலத்து மாணவர்கள் எழுதி வைத்த குறிப்புகளை, சண்டைகளோடு சேர்த்து, அவர்களே பிற்பாடு பிரசுரித்தார்கள். பிற்காலத்தில் பேர் வாங்கியவர்களைப் பற்றி, பேர் வாங்காத நாளில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் என்ன எழுதினான் என்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

வியாபார ரேடியோ இதைச் செய்யவில்லையா என்றால், அங்கே கதை வேறு. பணம் வாங்கிக்கொண்டு பாட்டுப் போடும் பழக்கம் 1959ல் பெரிய ஊழலாக வெடித்தது. சொல்லாமல் காசு வாங்கிப் போடுவது குற்றம் என்று 1960ல் சட்டமே கொண்டு வந்தார்கள். அதன் பிறகும் வேறு வழிகளில் அது தொடர்ந்தது. கல்லூரி ஸ்டேஷனில் உறையின் மேல் எழுதும் பிள்ளைக்கு எவரும் காசு கொடுக்கவில்லை. கிடைப்பது பெயர் மட்டும். தவறாக எழுதினால் கிடைப்பது திட்டு.

இப்போது இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று என் மகன் கேட்கிறான். கைபேசியே அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்துத் தருகிறதாம். உண்மைதான், எனக்கும் தருகிறது. நான் ஒரு நாள் தோடி கேட்டால் மறுநாள் காலையில் தோடி, மாலையில் தோடி. நான் ஏற்கெனவே விரும்பியதையும் என்னைப் போன்றவர்கள் விரும்பியதையும் பார்த்துத்தான் அது கொடுக்கிறது. பத்துப் பேர்கூடக் கேட்டிராத ஒருவனை அது எந்தக் கணக்கில் கொண்டுவந்து சேர்க்கும்? இது நன்றாக இருக்கிறது, இன்ன காரணத்தால் என்று ஒரு வார்த்தை அது சொன்னதில்லை. காரணம் சொன்னால்தானே நான் மறுத்துப் பேச முடியும்?

பிள்ளைகளிடம் குறை இல்லாமல் இல்லை. வெறும் இரைச்சலைப் புதுமை என்று கொண்டாடுவார்கள். ஒரு கோஷ்டியை ஊரே கேட்க ஆரம்பித்தால், 'விலை போய்விட்டான்' என்று அதே வாயால் ஒதுக்குவார்கள். தனக்கு மட்டும் தெரிந்தது என்ற கர்வம் அந்த வயதில் வரும். ஆனாலும் தெரியாத ஒருவரின் உழைப்பை முழுதாகக் கேட்டுவிட்டு, பெயர் போட்டு, காரணம் சொல்லி எழுதும் பழக்கம் இருபது வயதில் வந்துவிட்டால் அது பாட்டோடு நிற்காது. கட்டுக்கட்டாக ஃபைலைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட அதிகாரிகளைப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நஷ்டம் என்று மேலே சொன்னேன். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்து மாணவர்களின் கே.டி.ஆர்.யு. ஸ்டேஷன் 50,000 வாட் சக்தியில் இயங்கியது. அதிகம் பயன்படாத சொத்து என்று சொல்லி, 2010ல் நிர்வாகம் அந்த அலைவரிசையை 95 லட்சம் டாலருக்கு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு விற்க ஏற்பாடு செய்தது. மாணவர்கள் எதிர்த்தும் பலனில்லை. 2011ல் கை மாறியது. வாங்கியவர்கள் அதில் மேற்கத்திய சாஸ்திரீய இசை ஒலிபரப்பினார்கள். சங்கீதப் பைத்தியமான நான் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பீத்தோவன் நல்லவரா என்று இனி யாரும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பு எப்போதோ ஆகிவிட்டது. நேற்று ஒரு கார் ஷெட்டில் பதிவு செய்த பையனுக்குத்தான் கேட்கிறவர் வேண்டும். சில வருஷங்களில் அந்த அலைவரிசை மறுபடியும் வேறு கைக்குப் போய்விட்டது. மாணவர்கள் 2015ல் சிறு சக்தி அலைவரிசை ஒன்றில் திரும்பி வந்தார்கள். அந்த வகை ஸ்டேஷனுக்கு அங்கே உச்சவரம்பு 100 வாட்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் அப்சாலா கல்லூரி 1958ல் தொடங்கிய டபிள்யூ.எஃப்.எம்.யு. ஸ்டேஷனை, கல்லூரி நலிந்தபோது அதன் ஊழியர்களும் நேயர்களும் சேர்ந்து தனி அமைப்பாக்கி வாங்கிக்கொண்டார்கள். 1995ல் கல்லூரி மூடப்பட்டது. ஸ்டேஷன் நேயர்கள் கொடுக்கும் பணத்தில் இன்றும் நடக்கிறது. ஆகவே வேண்டும் என்று நினைப்பவர்கள் இருந்தால் காப்பாற்றலாம்.

நம் பக்கம் வருகிறேன். நாட்டின் முதல் கல்லூரி வளாகச் சமுதாய வானொலி 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. பிறகு வேறு கல்லூரிகளிலும் வந்தன. நம் ஆகாசவாணி கலைஞர்களை ஆடிஷன் வைத்துக் கேட்டு, பி, பி ஹை, ஏ என்று தரம் கொடுத்தது; அதில் தேறியவர்கள் வாழ்ந்தார்கள். ஆனால் அது பெரியவர்கள் மூடிய அறையில் கொடுத்த தீர்ப்பு. ஏன் அந்தத் தரம் என்று ஒரு வரி எழுதி வெளியே வைக்கும் வழக்கம் இல்லை.

என் யோசனை சின்னது. நம் கல்லூரி வானொலிகள் வாரத்தில் ஒரு மணி நேரம் சினிமாப் பாட்டு இல்லாமல் ஒதுக்கட்டும். பக்கத்து ஊர் நையாண்டி மேளம், பறை அடிக்கிறவர்கள், ஹாஸ்டல் அறையில் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பிள்ளைகள், கோயிலில் தினம் வாசித்தும் கச்சேரி கிடைக்காத நாகஸ்வரக்காரர் என்று பதிவு செய்துகொண்டு வரட்டும். மாணவர்கள் முழுவதும் கேட்டுவிட்டு, நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அதை ஒலிபரப்பில் வாசிக்கட்டும். அடுத்த வாரம் இன்னொருவர் மறுக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் பேரன் பேத்தி படிக்கும் கல்லூரியில் ரேடியோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு நாள் முழு நிகழ்ச்சியையும் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டது எப்படி இருந்தது என்று ஒரு கடிதம் போடுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், காரணத்தோடு.