தொகையை வாசியுங்கள், பெயரை விடுங்கள்

ஜூலை 26ஆம் தேதி பனிமய மாதா பேராலயத்தில் கொடி ஏறிவிட்டால் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடிக்கு வேறு நினைப்பு கிடையாது. நிறைவு நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. நேர்ச்சை செலுத்த வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. வளையல் கடை, அல்வாக் கடை, ராட்டினம் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பதினொரு நாள்தான் வருஷத்துப் பிழைப்பு. ஆகவே திருவிழாச் செலவைக் குறையுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. 1806இல் பரதவர் தலைவரான பாண்டியபதி தொன் கபிரியேல் காலத்தில் ஓடத் தொடங்கிய தங்கத்தேர் 2023இல் மறுபடி வீதிக்கு வந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். கண் கலங்கத்தான் செய்தது.

என் வருத்தம் வேறு. பேராலயம் என்றில்லை, இக்கரையின் சின்னச் சின்னப் பங்குக் கோயில்களிலும் இதே கதைதான். திருவிழாவுக்கென்று கேட்டால் தாராளமாக நீளும் கை, சுகமில்லாத வீட்டுக்கென்று கேட்டால் சட்டைப்பையில் சில்லறை தேடுகிறது. திருவிழாவுக்குக் கொடுத்தால் பெயர் வரும். நோட்டீஸில் வரும், மைக்கில் வரும், பெஞ்சின் முதுகில் வரும். மின்விசிறி இறக்கையில்கூட வரும். விசிறி நின்றால்தான் உபயதாரரைப் படிக்க முடியும் என்பது மட்டும்தான் குறை.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஏறின மூட்டை எத்தனை, இறங்கின மூட்டை எத்தனை என்று எழுதியே பழகிய கை. இப்போது எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையின் நோட்டைப் பார்த்துக்கொள்கிறேன். 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சபை இது. இதன் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை சுற்றிவரும். எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். நூறு ரூபாய் போட்டவர் யார், வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பிறகு பையைக் கவிழ்த்து எண்ணுவோம். நோட்டில் தொகை மட்டும் ஏறும்.

அந்தப் பணத்தோடு வீடுகளுக்குப் போவோம். திரேஸ்புரம் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போய்க் காலில் வலு இழந்தவர். இந்தக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது. படகில் கம்ப்ரஸர் ஓடும், ஆள் டியூப் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு அடியில் சங்கு பொறுக்குவார். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி மூட்டையும் நரம்பையும் கெடுத்துவிடும். நாங்கள் கொண்டுபோன அரிசிப் பையை அவர் மனைவி வாங்கிச் சுவரோரமாக வைத்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு பை இருந்தது.

“அரிசி ரேஷன்லயே சும்மா கிடைக்கு அண்ணாச்சி. வேண்டாம்னு சொன்னா தப்பா நினைப்பியளோன்னுதான் வாங்கிக்கிட்டேன். மவன் பாலிடெக்னிக்குக்குக் கட்ட வட்டிக்கு வாங்கியிருக்கேன். வாரா வாரம் அதுதான் மென்னியப் பிடிக்கி” என்றார்.

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமானது 2011இல். நம் பங்குகளின் தருமம் அதற்கு முந்தைய காலத்திலேயே நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்குச் சேலை வேட்டி, திருவிழாவுக்கு அசன விருந்து, நடுவில் அரிசிப் பை. கொடுக்கும்போது போட்டோ எடுக்கத் தோதான பொருள்கள். வட்டிக்காரனுக்குக் கட்ட வேண்டிய பணத்தையும், டயாலிசிஸுக்குப் போய்வர ஆட்டோ கூலியையும் எப்படிப் போட்டோ எடுப்பது? இன்றைய வீடுகளுக்குத் தேவை அதுதான்.

இக்கரைக்கு இதெல்லாம் புதுப் பாடமும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய மறைபணியாளர் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனை தொடங்கினார். அதை நடத்தியதில் ஊர்க்காரர்களின் காணிக்கைக்குப் பங்கு உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ புத்தகத்துக்கும் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று இன்று எவருக்கும் தெரியாது. காரியம் நிலைத்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது, வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு மீட்கப் போன மீனவர்களும் அப்படித்தான். உபயம் என்று எந்த வள்ளத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே பங்குப் பேரவைகளுக்கு ஒரு யோசனை. திருவிழாவுக்கு வசூலாகும் தொகையில் பத்தில் ஒரு பங்கை, பந்தல்காரருக்கும் பட்டாசுக்காரருக்கும் கொடுக்கும் முன்பே எடுத்து வையுங்கள். மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. அந்தப் பணம் மருத்துவம், படிப்பு, வட்டிக் கடன் ஆகிய மூன்றுக்கு மட்டும் போகட்டும். எந்த வீட்டுக்கு என்பதை அந்தத் தெருவின் அன்பியம் என்ற சிறு குழுவினரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசை முடிவில் கணக்கை வாசியுங்கள்: வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, இத்தனை வீடு. கொடுத்தவர் பெயரும் வேண்டாம், வாங்கியவர் பெயரும் வேண்டாம்.

பெயர் போடாவிட்டால் பணம் வராது என்று பேரவையில் ஒரு பெரியவர் சொன்னார். உண்டியலில் யார் பெயரைப் போட்டு வாங்குகிறோம்? ஞாயிறுதோறும் அது நிறையத்தானே செய்கிறது. கொடுத்த பணம் எங்கே போனது என்று தெரியாத இடத்தில்தான் பெயராவது மிஞ்சட்டும் என்று மனிதன் நினைக்கிறான். கணக்கு தெரிந்தால் பெயர் கேட்க மாட்டான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இதைத் தலைக்கட்டு வரியாக்கிவிடக் கூடாது. வலையில் பட்ட சுறாவின் துவியை, அதாவது துடுப்பை, கோயிலுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த காலம் இக்கரையில் உண்டு. அந்தத் துவிக் குத்தகையால் வந்த சண்டைகளைப் பெரியவர்கள் இன்றும் கசப்போடுதான் சொல்கிறார்கள். கடலில் போராடிக் கொண்டுவந்தவனிடம் அதட்டி வாங்கினால் அவன் கோயிலையே வெறுப்பான். நான் கேட்பது புது வசூல் அல்ல; மனமுவந்து வந்த பணத்தில் ஏழைக்கு முதல் பங்கு.

ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைப் பற்றி எல்லாப் பங்கிலும் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவள் பெயரை நற்செய்தி எழுதியவர்களே எழுதி வைக்கவில்லை. அடுத்த திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகும்போது உபயதாரர் பட்டியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போன வருஷம் எத்தனை வீடு வட்டிக் கடனிலிருந்து மீண்டது என்று போடட்டும். என் நன்கொடையை அந்த நோட்டீஸைப் பார்த்த பிறகு தருவதாகப் பேரவையில் சொல்லிவிட்டேன். நாலு பேர் சேர்ந்து சொன்னால் நோட்டீஸ் மாறும்.