எஞ்சினீயரும் கரண்ட்காரரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டு ஸ்நான அறைக் குழாய் நம்மைக் கடித்துவிட்டது. வெந்நீருக்காகக் குழாயைத் திருகினோம். முழங்கை வரையில் சுருக்கென்று ஏறியது. நல்ல வேளையாகக் காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தது. இல்லையேல் இந்த வாரப் பகுதியை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

மின்சார வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோது, நம்மிடம் பத்து வருஷங்களுக்கு முன் படித்த பையன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். கணக்கில் சுமார், ஆனால் பள்ளிக்கூடத்து மணி ரிப்பேராகும்போதெல்லாம் அவனைத்தான் தேடுவோம். சொல்லியனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் வந்து, முதல் காரியமாக ஒரு சீட்டை நீட்டினான். அழகாக அச்சிட்டிருந்த அந்தச் சீட்டில் அவன் பெயருக்குக் கீழே "எலக்ட்ரிகல் எஞ்சினீயர்" என்றிருந்தது.

உபாத்தியாயர் புத்தி சும்மா இருக்குமா? "தம்பி, நீ எப்போதப்பா எஞ்சினீயர் பரீட்சை தேறினாய்?" என்று கேட்டுவிட்டோம்.

அவன் கொஞ்சமும் கோபித்துக்கொள்ளவில்லை. "தேறவில்லை, ஸார். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு ஒரு ஆலையில் அப்ரண்டிஸ். சீட்டில் 'எலக்ட்ரீஷியன்' என்று போட்டால் வாசற்படியிலேயே நிற்க வைத்துப் பேரம் பேசுகிறார்கள். 'எஞ்சினீயர்' என்று போட்டால் நாற்காலி போடுகிறார்கள்" என்றான்.

அன்று காலையில் இரண்டாம் முறையாக நமக்குச் சுருக்கென்றது.

வேலையை ஆரம்பித்தவன் அரை மணியில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பி பழுதாகி, மின்சாரம் அதன் உலோக உடம்புக்குக் கசிந்திருக்கிறது. அப்படிக் கசிந்தால் அதைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஒரு பச்சைக் கம்பி உண்டு; 'எர்த்' என்று எல்லோரும் சொல்லுவது அதைத்தான். மூன்று துளை உள்ள பிளக்கில் பெரிய துளை அதற்கு உரியது. நம் வீட்டில் அந்தப் பச்சைக் கம்பி சுவருக்குள் சமர்த்தாக மடக்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது! இரண்டு வருஷங்களுக்கு முன் அந்த வேலையைச் செய்தவரிடம் நாம் கேட்ட ஒரே கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அவர் என்ன படித்தார், என்ன சான்று வைத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. பெண் கொடுக்கும்போது ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். பிள்ளைகள் குளிக்கும் அறையில் 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவந்து விடுகிறவரைப்பற்றி விசாரிப்பதில்லை.

காப்பி சாப்பிடும்போது அவன் பையிலிருந்து சில காகிதங்களை எடுத்துக் காட்டினான். எல்லாம் ஒரே மாதிரிதான் தோன்றின. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் வேறு என்று அவன் விளக்கினான். நமது நேயர்களில் பலருக்கும் இது தெரிந்திராது என்று எண்ணுவதால் இங்கே கொஞ்சம் சொல்லுகிறோம்.

ஐ.டி.ஐ. தேறியதற்குக் கொடுப்பது தேசியத் தொழிற் சான்றிதழ். சுதந்திரம் வந்த சில வருஷங்களுக்குள், 1950-ல், சர்க்கார் ஏற்படுத்திய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் பிறந்தது இந்தப் படிப்பு. இதில் 'எலக்ட்ரீஷியன்' என்று ஒரு தொழிலும் 'ஒயர்மேன்' என்று ஒரு தொழிலும் தனித்தனியே உண்டு. இரண்டும் இரண்டு வருஷம்தான். முதலாவதில் மோட்டார், டிரான்ஸ்பார்மர் முதலிய யந்திரங்களும் சேரும். இரண்டாவது பெரும்பாலும் கட்டடங்களுக்குக் கம்பி இழுக்கும் வித்தை. தொழிற்சாலையில் பழகி 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பரீட்சை தேறினால் இன்னொரு சான்றிதழ் கிடைக்கும். இவையெல்லாம் "இவன் இன்னது கற்றான்" என்று சொல்லுமே தவிர, "இவன் இன்னது செய்யலாம்" என்று சொல்லமாட்டா.

செய்யலாம் என்று சொல்லுகிற அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது. சென்னை கிண்டியில் மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று ஒன்று உண்டு. அங்கேதான் மின்கம்பியாளர் உதவியாளர், மின்கம்பியாளர், மேற்பார்வையாளர் என்று படிப்படியாகத் தகுதிச் சான்று தருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர்கூட, ஐந்து வருஷம் ஒயரிங் வேலையில் பழகியிருந்தால், உதவியாளர் பரீட்சைக்குப் போகலாம். இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது. கைப்பழக்கமும் ஒரு படிப்புத்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளும் இடங்கள் நம் தேசத்தில் மிகக் குறைவு.

இதற்கு மேல், வேலையைக் குத்தகைக்கு எடுப்பதற்குக் கான்டிராக்டர் லைசென்ஸ். அதிலும் ஈ.எஸ்.ஏ., ஈ.ஏ., ஈ.எஸ்.பி., ஈ.பி. என்று தரங்கள். ஈ.பி. தரத்து லைசென்ஸ்காரர் ஒருவர் தம் கடைப் பலகையில் அந்த இரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதி வைத்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்? மின்சார வாரியத்தில் உத்தியோகம் என்றல்லவா நினைப்பார்கள்! அந்த 'ஈ.பி.' வேறு, இந்த 'ஈ.பி.' வேறு.

1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி இது விஷயத்தில் ஸ்பஷ்டமாக இருந்தது. பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்சு இவற்றை இருந்தபடியே மாற்றுவது யாருக்கும் தடையில்லை. அதற்கு மேற்பட்ட எந்த வேலையையும் லைசென்ஸ் பெற்ற கான்டிராக்டர் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் நேரில் நின்று மேற்பார்க்க வேண்டும். கையால் செய்கிறவரும் அநுமதி பெற்றவராக இருக்க வேண்டும். 2003-ஆம் வருஷத்துப் புதிய மின்சாரச் சட்டத்தின் கீழ் 2010-லும் 2023-லும் வந்த பாதுகாப்பு விதிகளிலும் இதன் சாரம் மாறவில்லை. ஆகவே நம் ஸ்நான அறை விஷயத்தில் சட்டத்தை மீறியவர் அந்தப் பழைய ஆசாமி மாத்திரம் அல்ல. அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்த நாமுந்தான்.

"இத்தனை காகிதம் வைத்திருக்கிறாயே, இவற்றில் ஒன்றையாவது சீட்டில் அச்சடிக்கக் கூடாதா?" என்று கேட்டோம்.

"அச்சடித்தால் யாருக்கு ஸார் புரியும்? ஸாருக்கே இன்றைக்குத்தானே தெரிந்தது?" என்றான்.

வாயை மூடிக்கொண்டோம்.

மற்றத் தேசங்களில் எப்படி என்று பிற்பாடு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். இங்கிலாந்தில் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து 1968-ல் ஒரு கூட்டு வாரியம் அமைத்து, எலக்ட்ரீஷியன், அங்கீகாரம் பெற்ற எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு சம்பள விகிதம். தரம் ஏறினால் பையில் பணமும் ஏறும் என்று ஏற்பட்டுவிட்டபடியால், அங்கே தரத்தின் பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் 'எஞ்சினீயர்' என்ற வெறும் சொல்லை அங்கும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்! 'சார்ட்டர்டு எஞ்சினீயர்' என்பதற்குத்தான் காவல். ஜெர்மனியிலோ 'இஞ்செனியர்' என்று உரிமையில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது, சட்டம் தடுக்கிறது.

ஜெர்மானியரிடம் நம்மை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது வேறொரு விஷயம். அங்கே மின்சாரத் தொழிலில் சொந்தக் கடை வைப்பதற்குச் சாதாரணமாக 'மைஸ்டர்' பரீட்சை தேற வேண்டும். மைஸ்டர் என்றால் ஆசான் என்றே சொல்லலாம். பையன்களுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கும் யோக்கியதையும் அதில் அடக்கம். அந்தத் தேசத்துத் தகுதிப் படிக்கட்டில் மைஸ்டரும் சர்வகலாசாலை இளங்கலைப் பட்டதாரியும் நிற்பது ஒரே படியில், ஆறாவது படியில். நாமும் ஒரு பட்டதாரிதான். நம் தெருவில் எந்த மின்சார வேலைக்காரரையாவது நம்மோடு ஒரே படியில் வைத்து யாராவது பேசியிருக்கிறார்களா? நாமே வைத்திருக்கிறோமா? 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்விக்கு நடுநாயகமாக வைக்கச் சொன்னார். அந்தக் கல்வித் திட்டத்தைப்பற்றிப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதித்தான் நாம் உபாத்தியாயர் ஆனோம்!

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நம் மின்சார வாரியத்தில் 2019-ல் 'கேங்மேன்' என்ற உத்தியோகம் ஏற்பட்டது. ஐந்தாம் வகுப்புப் படிப்பும் தேக பலமும் இருந்தால் போதும். குழி தோண்டுவதும் கம்பம் நடுவதுமே வேலை என்று சொல்லப்பட்டது. பிறகு, மின்பாதையிலேயே தங்களை வேலை செய்யச் சொல்லுகிறார்கள் என்று அவர்கள் முறையிட்டார்கள். தங்களைக் 'கள உதவியாளர்' ஆக்க வேண்டும் என்று கிளர்ச்சியும் செய்தார்கள். வெறும் பெருமைக்காகவா கேட்டார்கள்? உத்தியோகத்தின் பெயர் ஒன்றும் செய்கிற வேலை இன்னொன்றுமாக இருந்தால், அதற்குரிய பயிற்சியை யார் கொடுப்பது, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காது. கம்பத்தின்மேல் நிற்கிறவனுக்கு இது இலக்கணப் பிரச்னை அல்ல.

சாயங்காலத்துக்குள் அவன் பச்சைக் கம்பியை எழுப்பி உரிய இடத்தில் சேர்த்தான். வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் புதுக் கம்பி போட்டான். முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் சாதனம் ஒன்றையும் மெயின் போர்டில் பொருத்தினான். அதன் விலையைக் கேட்டபோது வீட்டு அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாம் ஸ்நான அறைப் பக்கம் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டாள். அதன் பிறகு அவன் மெக்கர் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து, அளவுகளை ஒரு தாளில் எழுதினான்.

"கையெழுத்துப் போட்டு, உன் தகுதிச் சான்றின் நம்பரையும் எழுதப்பா" என்றோம். ஒரு கணம் நம்மைப் பார்த்தான். "இது வரையில் ஒருவரும் நம்பர் கேட்டதில்லை, ஸார்" என்று சொல்லி, பரீட்சைத் தாளில் எழுதுவதைவிட எவ்வளவோ நிதானமாக எழுதிக் கொடுத்தான். அந்தத் தாளை மெயின் போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

சீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். ஐந்நூறு அச்சடித்துவிட்டானாம், இன்னும் முந்நூறு மீதி இருக்கிறதாம். தீர்ந்த பிறகு மாற்றலாமா என்று பார்க்கிறேன் என்றான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவனை எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ, "ஏய் கரண்டு! இங்கேயும் கொஞ்சம் வந்துட்டுப் போப்பா!" என்று கூப்பிட்டார்கள்.