கணக்கெடுப்பு கேபோஸ் லேனில தொடங்கட்டும்

கொத்தல ஹிம்புட்டு என்றாலே எங்கட ஆக்களுக்கு ஜப்பான்காரன் மேல கோபம் வரும். எங்கட மூலிகைக்கு அவன் பேட்டன்ட் எடுத்திட்டான் என்று ஃபேஸ்புக்கில வருஷத்துக்கு ஒருக்கா யாராவது பொங்குவார்கள். கதையில பொய் இல்லை. 1990களின் பிற்பகுதியில் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் யோஷிகாவா குழு இந்தச் செடியிலிருந்து சலாசினோல், கொத்தலனோல் என்ற சேர்மங்களைப் பிரித்தெடுத்தது. இரண்டாவதின் பெயரே எங்கட ஊர்ப் பெயரில இருந்து வந்ததுதான். பேட்டன்ட்களும் பின்னால் வந்தன.

சரி, செடியை வேரோட கிண்டி விக்கிறது யார்? அந்தக் கேள்விக்கு மட்டும் ஒருத்தரும் ஷெயார் பண்ண மாட்டார்கள்.

தமிழில் இதைக் கடலழிஞ்சில் என்பார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காட்டில் வளரும், மரங்களைப் பற்றி ஏறும் ஒரு புதர். மருந்தாகிறது இலையோ பழமோ இல்லை, வேரும் தண்டும். அதாவது மருந்து எடுத்தா செடி போச்சு. அந்த மரக் கோப்பையைப் பார்த்திருப்பீங்க, இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து விடியக் குடிக்கிறது. அதைக் கடையுற அளவுக்குத் தண்டு தடிக்கப் பல வருஷம் எடுக்கும். மருந்து வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. மாப்பொருள் சர்க்கரையாக உடைவதை அது தாமதப்படுத்துகிறது. இலங்கையில் 51 நோயாளிகளுக்கு இந்தத் தேநீரைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளியானது, நல்ல பலன் தெரிந்தது. (அதுக்காக கிளினிக் குளிசையை நிப்பாட்டாதீங்க.) வேலை செய்யுது என்பதுதான் செடிக்கு வந்த வினை. கொழும்பில சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை?

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இருந்து நடந்தே போகலாம் புறக்கோட்டை கேபோஸ் லேனுக்கு. அந்தச் சின்ன ஒழுங்கை முழுக்க மருந்துக் கடைகள். அங்க கிலோக் கணக்கில சீவி வைத்திருக்கிற கட்டை எந்தக் காட்டிலிருந்து வந்தது? தோட்டத்தில் வளர்த்ததா, கிண்டினதா? சலாசியா இனத்தில் இலங்கையிலேயே பல வகை உண்டு, சீவின பிறகு எது எது என்று கண்ணால பிரிக்க ஏலாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று விலைப்பட்டால் அந்த இன்னொன்றும் சேர்ந்துதான் அழியும்.

ஆய்வு என்றால் சிங்கராஜாவுக்குள் சப்பாத்தோட போறது, தாவரவியல்காரர் வேலை, இங்கிலிஷில அறிக்கை: இப்படித்தான் பழகிப்போச்சு. அந்தப் பழக்கத்தின் லட்சணம் தெரியுமா? 2012 செம்பட்டியல் க்ரூடியா ஸெய்லானிகா என்ற மரத்தை அழிந்துவிட்டது என்று எழுதியது. 2019இல் கம்பஹா, தராலுவையில் அது உயிரோட நின்றது. 2021இல் அதிவேகப் பாதைக்காக வெட்டப் பார்த்து, சனம் மறித்ததால் பெரிய சர்ச்சையாச்சு. ஆக்கள் தினம் நடக்கிற இடத்தில நின்ற மரமே கணக்கில இல்லை என்றால், சாக்குக்குள்ள வாற வேரை யார் எண்ணுவது?

கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறியா என்று கேப்பீங்க. இல்லை. எங்க இருந்து வருது, முன்னம் எவ்வளவு தடிப்பில வந்தது, இப்ப ஏன் மெல்லிசா வருது, விலை எப்ப ஏறினது, இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எந்த ஹேர்பேரியத்திலும் இந்தத் தகவல் இல்லை. அவரோட தமிழில கதைக்கலாம். அதுக்குத் தாவரவியல் டிகிரி தேவையில்லை. பேட்டி எடுக்கவும் நம்பிக்கை சம்பாதிக்கவும் தெரிந்த கலைப்பீடத்து ஆக்கள் போதும். கட்டைத் துண்டை அடையாளம் காண மட்டும் விஞ்ஞான பீடத்தை இழுத்துக்கொண்டு வாங்க.

அடுத்த செமஸ்டர் ஃபீல்ட் வேர்க்குக்குத் தலைப்புத் தேடுறவர்கள் இதை எடுங்க. லெக்சரர் வேண்டாம் என்றால், ஏன் என்று எழுத்தில கேளுங்க.