மறைந்து பரவும் மந்தை நோய்

கால்நடைகளுக்கு உண்டாகும் பிணிகளுள் சில, ஓரிரு நாட்களில் பட்டியைக் காலியாக்கி ஊரையே அலறச் செய்வன. வேறு சில, ஓசையின்றி உள்ளே புகுந்து, ஆண்டுக்கு இரண்டொன்றாக ஆடுமாடுகளை உருக்கிக் கொல்வன. முன்னவற்றைத் தடுக்க யாவரும் முற்படுவர். பின்னவற்றையோ வெளிப்பட்ட பின்னும் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆதலின் இவையே மிகக் கொடியன என்பது எமது கருத்து. ஜோனிஸ் நோய் எனப்படும் நாட்பட்ட குடல் நோய் இவ்வகையைச் சார்ந்தது.

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோனே, பிராதிங்காம் என்னும் இருவர் ஒரு பசுவின் குடலில் இந்நோயைக் கண்டு விவரித்தனர். க்ஷயரோகக் கிருமியின் இனத்தைச் சார்ந்த ஒரு நுண்கிருமியே இதற்குக் காரணமாம். இளங்கன்றுகளும் குட்டிகளுமே இதற்கு எளிதில் இரையாவன. தாயின் சாணம் படிந்த காம்பைச் சப்புவதாலும், சீம்பாலாலும், அசுத்தமான புல்லாலும் நீராலும் கிருமி அவற்றின் வயிற்றை அடைகின்றது. சில கன்றுகளைக் கருவிலேயே பற்றுவதும் உண்டு. பின்னர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை, சிலபோது அதற்கு மேலும், யாதொரு குறியும் தோன்றாது. ஆயினும், குறி தோன்றுவதற்கு முன்னரே அவ்விலங்கு தன் சாணத்தின் வழியே கிருமியை மேய்ச்சல் நிலத்தில் விதைத்து வரும். இறுதியில் குடற்சுவர் தடித்து, உண்டது உடலிற் சேராமல், நன்றாக மேய்ந்தும் இளைத்து மடியும். மாடுகளுக்கு ஓயாத கழிச்சல் உண்டாம். ஆடுகளுக்கோ பெரும்பாலும் மெலிவு ஒன்றே அடையாளம். இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இக்கிருமி ஓராண்டளவும் உயிர் தரித்திருக்க வல்லது.

இதன் வன்மையை அறிய ஐஸ்லாந்து தீவின் வரலாறு ஒன்றே போதும். 1933-ஆம் ஆண்டில், குடியானவர்களின் வருவாயைப் பெருக்கக் கருதி, தோலுக்குப் பெயர்பெற்ற காரகுல் இனச் செம்மறிகள் இருபது, ஜெர்மனியினின்று அங்கே தருவிக்கப்பட்டன. அவை சில காலம் தனித்து வைத்துக் காக்கப்பட்டுக் குறையொன்றும் காணப்படாமையால், பல பண்ணைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அந்நாட்டு வழக்கப்படி, பல பண்ணைகளின் ஆடுகள் கோடையில் மலைப்புலங்களில் ஒன்றாய்க் கலந்து மேயும். இலையுதிர் காலத்தில் காதுக்குறி பார்த்துப் பிரிக்கப்பெறும். ஒரு பட்டியில் நுழைந்த பகை பல பட்டிகளைச் சென்றடைய இதனினும் எளிய வழி வேண்டுமோ? 1938-இல் ஜோனிஸ் நோய் அங்கே அறியப்பட்டது. நாட்டைப் பகுதிகளாகத் தடுக்கும் நெடிய வேலிகள் எழுந்தன. 1966 முதல் நோயுற்ற பகுதிகளில் தடுப்பூசி கட்டாயமாயிற்று. சேதம் பெரிதும் குறைந்தது. ஆயினும் நோய் முற்றும் நீங்கவில்லை.

இதற்கு அந்நாட்டாரின் அசட்டையே காரணம் எனச் சிலர் கூறக்கூடும். அஃது நேர்மையன்று. அவர்கள் சோதித்தனர், காத்தும் இருந்தனர். ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும் நோயை மாதக்கணக்கிற் காத்திருந்து பிடித்தல் இயலுமோ? இக்காலத்தே இரத்தத்தையும் சாணத்தையும் சோதிக்கும் முறைகள் உள. அவையும் தொடக்க நிலையிலுள்ள நோயைப் பலபோது தவறவிடுகின்றன. ஆதலால், விலைக்கு வரும் ஆட்டின் தோற்றத்தை மட்டும் ஆராய்தல் போதாது; அது பிறந்த மந்தையின் பல்லாண்டு வரலாற்றை ஆராய்தலே தக்கது.

அவ்வரலாற்றை அறிந்தவன் விற்பவன் ஒருவனே. இளைத்ததைக் கண்டும் காரணத்தை மறைத்து, அதனையோ அதன் குட்டியையோ பிறன் பட்டிக்கு அனுப்புகிறவன், தன் நஷ்டத்தை அயலான் தலையிற் சுமத்துகிறான். அவன் பெற்ற சிறு விலைக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பே நாளடைவிற் சிதையக்கூடும். எனினும் உண்மையைக் கூறுகிறவன் ஒருவனே நஷ்டமடையும் நிலை இருக்குமாயின், உண்மை கூறுவார் அரியராவர். ஆகவே நோயை அறிவிக்கும் குடியானவனைப் பழியாது, அவனது இழப்பில் ஒரு பங்கினை அரசும் அயலாரும் ஏற்றல் வேண்டும். அத்துடன், கன்றுகளை ஈன்றவுடன் முதிய மாடுகளின் சாணத்தினின்று விலக்கி வளர்த்தலும், இளங்கன்று மேயும் புலத்தில் அச்சாணத்தை எருவாக இடாமையும் ஒவ்வொருவரும் தாமே செய்யத்தக்கவை.

பொதுப்புலத்தில் மந்தையை விடுகிறவன், தன் ஆட்டுக்கு மட்டுமன்று, அப்புலத்தில் மேயும் எல்லா ஆடுகளுக்கும் பொறுப்பாளன் ஆகின்றான். இப்பொறுப்பை உணராதவரை, எத்துணை உயர்ந்த வேலியும் நம் மந்தைகளைக் காவாது.