போர்ஷே பாக்ஸ்டர், கேமன்: பேஸ் மாடலா, 'எஸ்' மாடலா? செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கணக்கு எங்கே மாறுது?

போர்ஷே நிறுவனத்தின் 718 பாக்ஸ்டர், 718 கேமன் கார்களின் உற்பத்தி 2025 அக்டோபரில் நின்றுபோனது. புதிய சைபர் பாதுகாப்பு விதிகள் காரணமாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-லேயே இவற்றின் வழக்கமான மாடல்கள் விற்பனையில் இருந்து விலக்கப்பட்டன. அடுத்து வரவேண்டிய எலெக்ட்ரிக் 718 தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அதன் உயர் ரகங்களில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும் என்று 2025 செப்டம்பரில் போர்ஷே அறிவித்தது.

ஆக, நடுவில் இன்ஜின் வைத்த, ஒப்பீட்டளவில் விலை குறைந்த போர்ஷே வேண்டும் என்றால் இப்போதைக்கு செகண்ட் ஹேண்ட் சந்தைதான் கதி. அங்கே போனதும் வரும் முதல் கேள்வி: பேஸ் மாடல் போதுமா, இல்லை இன்னும் கொஞ்சம் போட்டு 'எஸ்' மாடலையே எடுத்துவிடலாமா?

"கொஞ்சம்தானே வித்தியாசம், எஸ்-ஐயே எடுத்துடலாம்" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அந்த 'கொஞ்சம்' எங்கிருந்து வருகிறது, பின்னால் எவ்வளவு இழுக்கும் என்பதைப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

2016-ல் வந்த 718-ஐ எடுத்துக்கொள்வோம். பேஸ் மாடலில் 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின். பவர் 300 பிஎஸ். எஸ் மாடலில் 2.5 லிட்டர் டர்போ, 350 பிஎஸ். மேனுவல் கியர் வண்டியில் 0-100 கி.மீ. வேகத்தைத் தொட பேஸ் மாடலுக்கு 5.1 விநாடி, எஸ் மாடலுக்கு 4.6 விநாடி. அதிகபட்ச வேகம் 275 கி.மீ., 285 கி.மீ.

அதாவது பேப்பரில் இருக்கும் வித்தியாசம் அரை விநாடியும், 10 கி.மீ. வேகமும்தான். ஆனால் ஓட்டும்போது தெரியும் வித்தியாசம் இதைவிட அதிகம். பெரிய இன்ஜின் என்பதால், கியரைக் குறைக்காமலேயே எஸ் மாடல் சட்டென்று இழுக்கும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கும், வேகக் கட்டுப்பாடு இல்லாத ஜெர்மனி ஆட்டோபான் பகுதிகளில் போகிறவர்களுக்கும் இது நன்றாகவே பயன்படும்.

மற்ற சாலைகளில்? இந்தியாவில் எக்ஸ்பிரஸ் சாலைகளிலேயே கார்களுக்கான உச்ச வரம்பு 120 கி.மீ.தான். பேஸ் மாடலே சில விநாடிகளில் அதைத் தாண்டிவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தக் காரின் பெரிய பலம் நேர்கோட்டு வேகம் இல்லை, வளைவுகளில் அது காட்டும் சமநிலை. அதற்குக் காரணம் இன்ஜின் இருக்கும் இடம். அது இரண்டு மாடலிலும் ஒன்றுதான். பின்னாளில் வந்த '718 டி' மாடலில் போர்ஷே என்ன செய்தது தெரியுமா? பேஸ் மாடலின் அதே 300 பிஎஸ் இன்ஜினை வைத்து, 20 மி.மீ. தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷனைக் கொடுத்தது. ஓட்டும் சுகத்துக்குப் பெரிய இன்ஜின் கட்டாயம் இல்லை என்று அந்த நிறுவனமே ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

விலை இடைவெளி ஏன் சுருங்குது?

ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். புதுசாக இருக்கும்போது ஒரு கார் ரூ.100 லட்சம், அதன் உயர் ரகம் ரூ.120 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களில் இரண்டும் பாதி விலைக்கு வந்தால் ரூ.50 லட்சம், ரூ.60 லட்சம். 20 லட்சமாக இருந்த இடைவெளி 10 லட்சமாகிவிட்டது. இன்னும் பழசானால் இன்னும் குறையும்.

"இவ்வளவு கம்மி வித்தியாசத்துக்கு எஸ் கிடைக்குதே" என்ற ஆசை வருவது இங்கேதான். ஆனால் பாதியானது காரின் விலை மட்டும். பிரேக் டிஸ்க், கிளட்ச், டயர், சஸ்பென்ஷன் பாகங்கள் எதுவும் பாதி விலைக்கு வராது. அவை புது போர்ஷேவுக்கு என்ன விலையோ, பழைய போர்ஷேவுக்கும் ஏறக்குறைய அதே விலைதான்.

எஸ் மாடலுக்குப் பல பாகங்கள் தனி. உதாரணமாக, 2004 முதல் 2012 வரை வந்த '987' தலைமுறை பாக்ஸ்டரில் பேஸ் மாடலின் முன் பிரேக் டிஸ்க் 298 மி.மீ., எஸ் மாடலுக்கு 318 மி.மீ. பெரிய பாகம் என்றால் மாற்றும்போது பில்லும் பெரிசு. முதல் நாள் மிச்சம் பிடித்த பணத்தை, பின்னால் ஒவ்வொரு சர்வீஸிலும் கொடுக்க வேண்டி வரலாம்.

பழைய மாடலில் பேஸ் இன்ஜினே பாதுகாப்பானதா?

இன்னும் குறைந்த விலைக்குப் போனால் 986, 987 தலைமுறை பாக்ஸ்டர்கள் கிடைக்கும். அமெரிக்கா, பிரிட்டனில் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலரும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். இங்கே கேள்வி வேகத்தைப் பற்றியது இல்லை, இன்ஜின் தாங்குமா என்பதைப் பற்றியது.

முதல் பிரச்னை, ஐஎம்எஸ் பேரிங். கிராங்க் ஷாஃப்ட்டில் இருந்து கேம் ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால், சில நொடிகளில் இன்ஜினே நாசமாகலாம். 2001 முதல் 2005 வரையிலான பாக்ஸ்டர், 911 கார்கள் தொடர்பாக அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2013-ல் சமரசத்தில் முடிந்தது. இதில் பேஸ், எஸ் என்ற பாகுபாடு கிடையாது. 2005-க்குப் பிறகு பெரிய பேரிங் வந்தது, பிரச்னை வெகுவாகக் குறைந்தது. ஆனால் இன்ஜினை முழுசாகப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. 2009 மாடலில் புது இன்ஜின் வந்ததும் இந்தத் தண்டே காணாமல் போனது.

இரண்டாவது பிரச்னை, சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது. பிஸ்டனின் மேல்பூச்சு தேய்ந்து, சிலிண்டர் சுவரை உரசிக் கீறிவிடும். ஆயில் அதிகமாகக் குடிப்பது, இன்ஜினில் 'டிக் டிக்' சத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். இங்கதான் ட்விஸ்ட். 2007, 2008 மாடல் எஸ்-ல் வரும் 3.4 லிட்டர் இன்ஜினில் இந்தப் புகார் அதிகம். அதே வருட பேஸ் மாடலின் 2.7 லிட்டர் இன்ஜினில் குறைவு. அதிக பணம் கொடுப்பவர்தான் அதிக ரிஸ்க்கும் எடுக்கிறார்.

2009 மாடலிலும் இதே போல ஒரு வித்தியாசம் உண்டு. எஸ் மாடலின் 3.4 லிட்டர் இன்ஜினில் எரிபொருள் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். 310 பிஎஸ் கிடைக்கும். பேஸ் மாடலின் 2.9 லிட்டர் இன்ஜினில் பழைய முறைதான், 255 பிஎஸ். பவர் குறைவு, ஆனால் அமைப்பு எளிமை. வால்வுகளில் கரி படியும் தொல்லையும் கம்மி.

இந்தப் பழைய கார்களில் இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் செலவு, காரின் விலையையே நெருங்கிவிடக் கூடும். கையில் இருந்த மொத்த பணத்தையும் எஸ் மாடல் வாங்கவே போட்டவர், முதல் பெரிய ரிப்பேரில் காரை அப்படியே நிறுத்திவிட வேண்டியதுதான்.

அப்போ எஸ் மாடலே வேண்டாமா?

அப்படி இல்லை. டிராக் ஓட்டம்தான் நோக்கம் என்றால் பெரிய பிரேக்கும் கூடுதல் பவரும் உண்மையிலேயே தேவை. 987-ன் தொடக்க பேஸ் மாடலில் 5 கியர் மேனுவல், எஸ்-ல் 6 கியர். இது நெடுஞ்சாலையில் தெரியும். திரும்ப விற்கும்போதும் எஸ் என்ற எழுத்துக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பார்.

முக்கியமாக, முழு சர்வீஸ் ரெக்கார்டுடன் ஒரு எஸ், எந்த ரெக்கார்டும் இல்லாமல் ஒரு பேஸ் என்று இரண்டு கார்கள் எதிரே நின்றால், எஸ்-ஐ எடுப்பதே புத்திசாலித்தனம். காரின் வரலாறு முதலில், பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து அப்புறம்தான்.

இந்தியாவில் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் இந்த கார்களின் எண்ணிக்கை குறைவு. பிடித்த நிறம், பிடித்த மாடல் என்று தேடினால் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் கிடைத்ததை வாங்குவதுதான் பெரிய ஆபத்து. கீழே உள்ளவற்றைச் சரிபார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

• சர்வீஸ் ரெக்கார்ட்: ஆயில் எப்போது மாற்றப்பட்டது, எந்த வேலை எங்கே நடந்தது என்பதற்கு பில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

• மெக்கானிக் பரிசோதனை: போர்ஷே இன்ஜின் தெரிந்தவரிடம் காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். 2008 வரையிலான மாடல் என்றால், சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லலாம். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

• வெள்ளத்தில் நின்ற வண்டியா: தரையை ஒட்டி ஓடும் கார் இது. 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த சென்னையில் இந்தக் கேள்வியை விடவே கூடாது. பழைய இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

• ஆவணங்கள்: வேறு மாநிலப் பதிவு என்றால் என்ஓசி வேண்டும், இங்கே சாலை வரியும் கட்டணும். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பது ஆர்சி-யிலேயே தெரியும்.

• பெட்ரோல்: எத்தனை சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரை போடலாம் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் கலந்த இ20.

• இன்ஷூரன்ஸ்: 1,500 சிசி-க்கு மேற்பட்ட கார்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஒன்றுதான் என்பதால், அதில் பேஸ், எஸ் வித்தியாசம் இல்லை. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் காரின் மதிப்பைப் பொறுத்து மாறும்.

கடைசியாக ஒரு கணக்கு

பட்ஜெட்டை முழுசாகக் காரிலேயே போடாமல், முதல் வருட ரிப்பேருக்கு என்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். அதை ஒதுக்கிய பிறகும் நல்ல ரெக்கார்டு உள்ள எஸ் மாடல் கைக்கு எட்டினால் தாராளமாக வாங்கலாம். எட்டவில்லை என்றால், நன்றாகப் பராமரித்த பேஸ் மாடலே போதும். அரை விநாடி தாமதமாக 100-ஐத் தொடும், ஆனால் மாசக் கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நிற்காது.