பெயிண்டுக்கு யாரும் விலை தருவதில்லை

உத்திரமேரூர்ப் பக்கம் டீக்கடையையோ டிபன் கடையையோ கை மாற்றிவிட நினைப்பவருக்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். "முன்பக்கம் பெயிண்ட் அடி, போர்டை மாத்து, நாலு பித்தளை டபரா வாங்கி வை. கூட்டம் இருக்கிற நேரமாப் பார்த்து ஆளைக் கூட்டிட்டு வா. கேட்ட விலை கிடைக்கும்." தரகர் சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் சொல்வார், மைத்துனரும் சொல்வார். இதை நம்பி, விற்கப்போகும் கடைக்கு வட்டிக்குப் பணம் வாங்கி அலங்காரம் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த யோசனையில் முக்கால் பங்கு தவறு.

முதலில் பெயிண்ட். சென்னை–திண்டிவனம் நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகையோடு கடைகள் வரிசையாக முளைத்ததைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது. அங்கே காரில் பறப்பவரைப் பலகைதான் நிறுத்த வேண்டும். நம் ஊரில் டீ குடிப்பவர் யார்? தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வந்தவர், காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் கொத்தனார். இவர்கள் யாரும் பலகையைப் பார்த்து உள்ளே வருவதில்லை. வாங்க வருபவரோ ஒரகடம் ஆலை வேலையை விட்டுச் சேமிப்போடு ஊர் திரும்பியவராக இருப்பார். அவர் மனதில் வேறொரு பெயரும் வேறொரு நிறமும் இருக்கும். நீங்கள் மாட்டிய போர்டை முதல் வாரமே கழற்றிவிடுவார். ஒழுகும் கூரை, அடைத்த சாக்கடை, தொங்கும் ஒயர் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள், அது வேறு விஷயம். இல்லாவிட்டால் ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கை விலையில் கழிப்பார்.

அடுத்தது, 'கூட்டத்தைக் காட்டு, கணக்கைக் காட்டாதே.' எல்லாவற்றிலும் கெடுதலான யோசனை இதுதான். முகூர்த்த நாளில் உத்திரமேரூரில் எந்தக் கடையில் கூட்டம் இல்லை? தொழில் தெரிந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ண மாட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் ஓடுது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு மாதம் எத்தனை 19 கிலோ சிலிண்டர், எத்தனை மூட்டை சர்க்கரை என்று கேட்பார். பால், கேஸ், சர்க்கரை மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. வாயால் சொன்ன வியாபாரம் இந்த மூன்றோடு ஒத்துப்போகாவிட்டால், மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

"வியாபாரத்தைக் கூட்டிச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?" என்பார்கள். நிறையக் கெடும். "தினம் கல்லாவில் பத்தாயிரம்" என்று சொல்கிறீர்கள். ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. உணவகத்தின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்; நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய் விழுந்தாலே அந்த எல்லை வந்துவிடும். பதிவு இல்லாத கடையில் பத்தாயிரம் என்று சொல்பவர், வரி பாக்கி இருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்கிறார். ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆவது பிரிவின்படி, தொழில் கை மாறும் நாள்வரை சேர்ந்த வரி பாக்கிக்கு விற்றவரோடு வாங்கியவரும் பொறுப்பு. இது தெரிந்தவர் விலையைக் குறைப்பார், அல்லது எழுந்து போய்விடுவார். உள்ளதைச் சொல்லி, அதற்கு ரசீதும் நோட்டும் வைத்திருப்பவரிடம்தான் பேரம் நடக்கும். க்யூஆர் அட்டையில் விழும் பணத்தை மகன் கணக்கில் ஒரு பாதி, மனைவி கணக்கில் ஒரு பாதி என்று சிதறவிட்டால், ஓடுகிற கடையையும் ஓடுகிறது என்று நிரூபிக்க முடியாது. ஒரே கணக்கில் ஓராண்டு விழுந்த தொகை, எந்தப் பெயிண்டையும்விடப் பெரிய சாட்சி.

கணக்கு கேட்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர்கள். அப்படி ஒரு ஊரில் கடை வைத்துக்கொண்டு, "கணக்கெல்லாம் மனசுல இருக்கு" என்று வாங்க வந்தவரிடம் சொல்வது சரியில்லை.

'விற்பதற்கு முன் செலவைக் குறைத்து லாபத்தைக் காட்டு' என்ற யோசனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலில் தண்ணீர் கூடினால் கொத்தனார் நாளையே எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அவரோடு விலையும் போய்விடும்.

'மாஸ்டருக்குக்கூடத் தெரியக் கூடாது' என்பார்கள். ஊர் முழுக்கத் தண்டோரா போட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையின் ருசி மாஸ்டர் கையில் இருக்கிறது. கடைசி நாளில் சொன்னால், அவர் கோபித்துக்கொண்டு மறுநாளே எதிர்க்கடை அடுப்பில் நிற்பார். வாங்கியவருக்குப் பாய்லரும் பெஞ்சும் மட்டும் மிஞ்சும். பாக்கிச் சம்பளத்தைத் தீர்த்து, புதியவரோடு சில மாதம் இருக்கச் சம்மதம் வாங்கி வைத்தால், அதற்கு வாங்குபவர் மனமுவந்து பணம் தருவார்.

கடைசியாக, 'வாடகை, லைசென்ஸ் எல்லாம் வாங்குறவர் பார்த்துப்பார்.' இடம் உங்களுடையது இல்லையென்றால், நீங்கள் விற்பதில் பாதி, கட்டட உரிமையாளரின் சம்மதம்தான். சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தை நினைத்துப் பாருங்கள். 1962-இல் தொடங்கிய கடை. பெயருக்கும் கூட்டத்துக்கும் குறைவே இல்லை. நிலம் மட்டும் அதற்குச் சொந்தமில்லை. 2008-இல் மூடினார்கள், 2010-இல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. அவ்வளவு பெரிய பெயராலேயே இடத்தைத் தக்கவைக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் 11 மாத ஒப்பந்தத்தில், அதுவும் முடிந்துபோய் வாய்ப்பேச்சில் ஓடும் கடைக்கு என்ன 'குட்வில்' கேட்க முடியும்? உரிமையாளரை நேரில் பார்த்து, புதியவருக்குச் சில ஆண்டுகள் வாடகைக்குத் தரும் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அதைப் பதிவும் செய்ய வேண்டும். அட்வான்ஸ் தொகை யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்பதும் அதில் இருக்கட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்கள் பெயரில் இருப்பது. புதியவர் தன் பெயரில் எடுக்க வேண்டும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஆண்டு விற்கும் எண்ணம் இருந்தால், பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள். நாளைக் காலைப் பால் ரசீதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்குங்கள்.